கொத்தி வந்த வழி

தம்பி,

நீ சுகமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. உன் மனைவி சுகமில்லாமல் கிடந்த நாட்களில் அவள் நல்ல சுகம் என்று உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அதன் பிறகு நீ கட்டாரிலிருந்து இரண்டு தடவை போன் எடுத்து, "அம்மா, வதனிக்கு உண்மையிலை என்ன நடந்தது?" என்று கேட்டாய். இரண்டு தடவையும், "பிள்ளைப்பெத்த உடம்பு, சூடு பிடிச்சுப் போச்சு" என்று சொல்லிவிட்டு, அங்கே வெயில் எப்படி என்று கதையை மாற்றினேன். அடுத்த மாதம் நீ லீவில் வருகிறாய். வதனியும் பிள்ளையும் இன்னும் புத்தூரில், அவளுடைய தாய் வீட்டில்தான் இருக்கிறார்கள். நீ வரும்போது அவர்கள் நம் வீட்டில் இருக்கவேண்டும் என்று நினைத்து, போன கிழமை நான் அவளைக் கூப்பிடப் போனேன்.

அவள் என்னை இருக்கச் சொன்னாள், தேத்தண்ணி தந்தாள். பிறகு சொன்னாள்: "வாறன் மாமி. ஆனா எனக்கு நடந்ததை நீங்கள் உங்கடை வாயாலை அவருக்குச் சொல்லவேணும். நான் சொன்னால் மாமியிலை குறை சொல்லுறன் எண்டு போயிடும்."

"சொல்லுறன் பிள்ளை. இண்டைக்கே போனிலை சொல்லுறன்."

"போனிலை வேண்டாம். அவரோடை மட்டும் குசுகுசுக்கவும் வேண்டாம். கொத்தி எண்டு ஊருக்குத்தானே சொன்னியள். ஊர் அறியவே எழுதுங்கோ."

"உன்ரை பேர் வெளியிலை வருமே."

"வேறை பேர் போட்டு எழுதுங்கோ. வதனி எண்டு போடுங்கோ. எனக்கு அந்தப் பேர் விருப்பம்." பிறகு பிள்ளையைப் பார்த்தபடி, "எழுதினால் வருவன். இல்லையெண்டால் நாங்கள் இங்கைதான். அவர் இங்கை வந்து பாக்கட்டும்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் இதை ஊரும் வாசிக்கக்கூடிய கடிதமாக எழுதுகிறேன். இதில் வருகிற பெயர்கள் மட்டும்தான் உண்மையில்லை.

உன் வயதுக்காரருக்குக் கொத்தியைத் தெரியாமல் இருக்கலாம். பிள்ளை பிறந்த வீட்டைச் சுற்றித் திரிகிற பெண் பேய் அது. இரத்த வாடைக்கு வரும், பெற்றவளைப் பிடிக்கும், பிள்ளையைக் கொண்டுபோகும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதற்காகவே அறை வாசலில் வேப்பிலை செருகுவதும், தலைமாட்டில் இரும்பு வைப்பதும். எனக்கு இவையெல்லாம் சிறு வயதிலிருந்தே தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்தது இவை மட்டுமில்லை என்பதுதான் என் வெட்கம். தெரியாமல் செய்தவளாக இருந்தால் நான் இவ்வளவு கூசியிருக்க மாட்டேன்.

பேய்கள் எப்படிப் பிறக்கின்றன என்பது எனக்கு நெடுநாளாகத் தெரியும் தம்பி. ஒன்றை நானே பெற்றிருக்கிறேன். உனக்கு ஐந்தாறு வயதில் நாங்கள் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒருவருடைய வளவில் இருந்தோம். அந்த வளவுக் கிணற்றுக்குக் கட்டு இல்லை, நிலத்தோடு நிலமாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. எத்தனை பேருக்குச் சமைத்துக்கொண்டு உன் பின்னால் ஓடுவது? அங்கே முனி இருக்கிறார், கிட்டப் போனால் பிடிப்பார் என்று சொன்னேன். நீ கொஞ்ச நேரம் யோசித்தாய். "முனிக்கு நீந்தத் தெரியுமோ அம்மா?" என்றாய். தெரியாது என்றேன். "அப்ப அவர் ஏன் கிணத்தடியிலை இருக்கிறார்? விழுந்திட மாட்டாரோ?" உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், புரைக்கேறும்வரை சிரித்தார். ஆனால் அதன் பிறகு கனநாள் நீ படுத்த பாயை நான் வெயிலில் காயப்போட வேண்டியிருந்தது. நீ கிணற்றில் விழவில்லை, அது சரி. ஒரு பலகையைப் போட்டு மூடியிருந்தாலும் நீ விழுந்திருக்க மாட்டாய். பலகை தேடுவதைவிட முனி சுலபமாக இருந்தது.

நீ வளர்ந்தபின் அந்த முனியைப் பழி வாங்கினாய். பள்ளிக்கூட நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகங்களை அடுப்படி வாசலில் இருந்து எனக்கு வாசித்துக் காட்டுவாய். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அது இரண்டாவது பள்ளிக்கூடம். தரவை வெளியில் எரிந்து எரிந்து அணைகிற கொள்ளிவாய்ப் பிசாசு, சேற்றுக்குள் உக்கிய புல்லிலிருந்து வருகிற வாயுவாக இருக்கலாம் என்றாய். கடற்கன்னி, கடற்பசுவாக இருக்கலாம். அது பிள்ளையை அணைத்துப் பால் கொடுப்பதைத் தூரத்திலிருந்து கண்டவர்கள் பெண் என்று நினைத்திருப்பார்கள் என்றாய். படத்தைப் பார்த்துவிட்டு, "மூஞ்சையிலை மயிர் கிடக்குதடா. மீசை வைச்ச கன்னியை ஆர் கட்டுறது?" என்றேன். "கனநாள் கடலிலை நிண்டவைக்கு மீசை தெரியாது அம்மா" என்றாய். கோயில் திருவாசியில் இரண்டு பக்கமும் வாயைப் பிளந்துகொண்டிருக்கும் மகரத்தை நான் நடக்கப் பழகிய நாளிலிருந்து கும்பிடுகிறேன். முதலையைக் கண்ட ஒருவன் காணாத ஒருவனுக்குச் சொல்ல, அவன் யானையை மட்டும் அறிந்த சிற்பிக்குச் சொல்ல, அப்படி வந்த உருவமாக இருக்கலாம் என்றாய். "இருக்கலாம், ஆருக்கும் நிச்சயமாத் தெரியாது" என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வரி சேர்ப்பாய். அந்த வரியை நான் அப்போது கவனிக்கவில்லை.

முதலில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பேயைக் கழற்றினால் அதோடு முருகனும் கழன்று வந்துவிடுவாரோ என்று நினைத்தேன். கோயிலில் நின்று யோசித்துப் பார்த்தேன். அவரைக் கும்பிட எனக்குப் பேய்ப்பயம் தேவைப்படவில்லை. அந்தத் தைரியம் வந்த பிறகு நான் மற்றவர்களுக்குப் படிப்பிக்கத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் மாலை கட்டும் பெண்களிடம் கொள்ளிவாய்ப் பிசாசைப் பற்றியும் கடற்கன்னியைப் பற்றியும் சொல்வேன். அதில் ஒருத்தி, "உங்கடை மகன் பேயளுக்குப் பிழைப்பில்லாமல் பண்ணிப்போட்டார். அதுகள் இனி அரசாங்க உத்தியோகம்தான் தேடவேணும்" என்று பகிடி பண்ணுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குப் பெருமையில் முகம் சிவக்கும்.

வதனிக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது அவர்கள் கொத்திக்குக் கவனம் என்றார்கள். நான் கையிலிருந்த மாலையை வைத்துவிட்டு ஒரு பிரசங்கமே செய்தேன். "கொத்தி எண்டு ஒண்டும் இல்லை. அந்தக் காலத்திலை பிள்ளைப்பேற்றிலை இரத்தம் போய்ச் செத்தவை, சன்னி கண்டு செத்தவை. ஏன் செத்தவை எண்டு தெரியாமல் சனம் பேயிலை பழியைப் போட்டது. இரத்தம் குடிக்கிற பேய் எண்டு ஏன் சொன்னது? அந்த அறையிலை இரத்தத்தைத்தானே கண்டவை." அப்படித்தான் சொன்னேன். ஒரு சொல்லும் பிசகவில்லை. தாரணி, உன் தங்கச்சி, அன்று எனக்குப் பக்கத்தில் இருந்து பூக்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும், வதனியின் நித்திரை போய்விட்டது. விடிய எழும்பி முற்றம் கூட்டினாள், கூட்டிய இடத்தையே திரும்பவும் கூட்டினாள். மூச்சு விடாமல் கதைத்தாள், ஒரு கதை முடியமுன் இன்னொன்றுக்குத் தாவினாள். கிணற்று மோட்டர் ஓடும்போது அதற்குள் இருந்து தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றாள். ஒரு நாள் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "மாமி, இது என்ரை பிள்ளை இல்லை. இதின்ரை தாய் தேடுவா. குடுத்திட்டு வாங்கோ" என்றாள். கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மிகவும் பொறுப்பாகச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் பால் கொடுக்கவில்லை.

அந்த நேரம் என் மனதில் எந்த ஒழுங்கில் எது வந்தது என்பதை உனக்குச் சொல்லவேண்டும். முதலில் வந்த சொல், விசர், அதாவது பைத்தியம். இரண்டாவதாக வந்தது தாரணியின் முகம். அவளுக்கு ஒரு நல்ல இடத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம், உனக்குத் தெரியும். இங்கே சாதகத்தோடு சேர்த்து இன்னொன்றையும் விசாரிப்பார்கள்: வீட்டில் யாருக்கும் விசர் உண்டா? வதனி எங்கள் இரத்தமில்லைத்தான், ஆனால் கதை இரத்தம் பார்த்துப் பரவுவதில்லை, வீட்டு விலாசத்தைப் பார்த்துப் பரவும். மூன்றாவதாக வந்த சொல், கொத்தி. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே தூக்கி எறிந்ததை நானே குனிந்து எடுத்தேன். சொன்னவுடன் நெஞ்சுக்குள் ஒரு ஆறுதல் வந்தது பார், அந்த ஆறுதலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கொத்தி என்றால் வெளியிலிருந்து வந்தது. வந்தது போய்விடும். வீட்டுக்கு ஒரு பழுதும் இல்லை. பேய் பிடித்த வீட்டுக்குச் சம்பந்தம் வரும், விசர் உள்ள வீட்டுக்கு வராது.

துடக்கு வீடு, தீட்டு உள்ள வீடு என்பது எனக்கு வசதியாகிவிட்டது. பிள்ளை பிறந்த துடக்குக் கழியும்வரை யாரும் உள்ளே வரமாட்டார்கள், ஏன் கதவு சாத்தியிருக்கிறது என்று கேட்கவும் மாட்டார்கள். எங்களைப் பார்க்க வருகிற மிட்வைஃப் மிஸ்ஸை வாசலிலேயே மறித்து, "இப்பதான் கண்ணயர்ந்தவ" என்று சொல்லி, பிள்ளையை மட்டும் தூக்கிக் காட்டி அனுப்பினேன். வதனியின் தாய் போன் எடுத்தாலும் அதே பதில்தான். வீட்டிலேயே இருந்த தாரணிக்கு, துடக்குக் கழிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று சொல்லி வைத்தேன். நீ வீடியோவில் வரும்போதும் பிள்ளையின் முகத்துக்குக் கிட்டவாகப் போனைப் பிடித்தேன். "வதனி எங்கையம்மா?" என்றாய். "நித்திரை" என்றேன். "நல்லது, எழுப்பாதேங்கோ. நல்லா நித்திரை கொள்ளட்டும்" என்றாய். அவள் அப்போது பின்கதவடியில் நின்று சுவரோடு கதைத்துக்கொண்டிருந்தாள். அவள் நித்திரை கொண்டு ஐந்தாறு நாளாகியிருந்தது. வேலிக்கு அப்பால் நின்று விசாரித்தவர்களுக்கு மட்டும் குரலைத் தாழ்த்தி, "கொத்தி பிடிச்சிட்டுது" என்றேன். நான் பிரசங்கம் செய்த அதே பெண்களுக்கு. ஒருத்திகூட என்னைத் திருப்பிக் கேட்கவில்லை. அவர்களுடைய பார்வையில் அன்று இருந்த இரக்கம் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

பார்வை பார்க்கிற ஒருவரை வேறு ஊரிலிருந்து கூப்பிட்டேன். துடக்கு வீட்டுக்கு வர அவர் தயங்கவில்லை. உச்சிப்பொழுதில் வந்தார். வதனியை முற்றத்தில் இருத்தி, வேப்பங்குழையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"நீ ஆர்?"

"வதனி."

"பொய் சொல்லாதை. எந்தச் சுடலையிலையிருந்து வந்தனி?"

"புத்தூரிலையிருந்து வந்தனான்."

"எப்ப போவாய்?"

"விட்டால் இப்பவே போவன்."

அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "எவ்வளவு கெட்டித்தனமாக் கதைக்குது பாத்தியளோ?" என்றார். நானும் தலையாட்டினேன். அந்தப் பதில்களைத் திரும்ப வாசித்துப் பார் தம்பி. அவள் ஒன்றுகூடப் பொய் சொல்லவில்லை. அந்த முற்றத்தில் உண்மை சொல்லிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். உண்மையைச் சொல்லச் சொல்ல அவர் வேப்பங்குழையால் அடித்தார்.

தாரணி அன்று தான் படிப்பிக்கிற பாலர் பாடசாலை முடிந்து நேரத்தோடு வந்துவிட்டாள். படலையைத் திறந்தவள் சைக்கிளை அப்படியே விழவிட்டாள். வந்து அவருடைய கையிலிருந்த குழையைப் பறித்து வேலிக்கு மேலால் எறிந்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"கொத்தி எண்டு ஒண்டும் இல்லையெண்டு நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள்? நான் பக்கத்திலை இருந்து கேட்டனான்."

"உனக்காகத்தான் பிள்ளை."

"எனக்கு மாப்பிள்ளை வாறதுக்கு அண்ணியை அடிக்கச் சொல்லி நான் கேட்டனானோ?"

நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவள் புத்தூருக்குப் போன் எடுத்தாள். வதனியின் தாய் ஆட்டோவில் வந்திறங்கினா. மகளின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா, தன் சேலைத் தலைப்பால் மூடினா, பிள்ளையைத் தாரணியின் கையில் கொடுத்தா, எல்லோரும் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆட்டோவில் எனக்கு இடம் இருந்தது. யாரும் ஏறச் சொல்லவில்லை. நான் பிறகு பஸ்ஸில் போனேன்.

பிள்ளை பெற்ற சிலருக்கு இப்படி வரும், இது வருத்தம், இதற்கு மருந்து இருக்கிறது என்று டொக்டர் சொன்னார். "கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னார். அவ்வளவுதான். மருந்து தொடங்கி, முதலில் நித்திரை வந்தது. பிறகு ஒரு நாள் பிள்ளையின் காலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், "இவருக்கு அவரின்ரை பெருவிரல்" என்று உன்னைச் சொன்னாளாம். தாரணி வந்து சொன்னாள். அன்று நான் சாமியறைக்குள் போய் நின்றேன். நன்றி சொல்லவும் வாய் வரவில்லை.

நீ தகப்பனாகிவிட்டாய். இனி உன் வீட்டிலும் நோய் வரும், பயம் வரும், விளங்காதது வரும். சின்ன வயதில் நீ எனக்குப் படிப்பித்ததில் ஒரு பாதிதான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். ஒரு பேயின் பெயரைக் கேட்டால், அது எந்த வாயுவிலிருந்து, எந்த மிருகத்திலிருந்து வந்தது என்று கேள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு, அந்தப் பெயரைச் சொல்வதால் வீட்டில் யாருக்கு ஆறுதல் என்றும் கேள். கொத்தி, இரத்தப்பெருக்கிலிருந்தும் சன்னியிலிருந்தும் வந்திருக்கலாம், வதனிக்கு வந்ததைப் போன்ற வருத்தத்திலிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் அது இவ்வளவு காலம் சாகாமல் இருப்பதற்கு என்னைப் போன்றவர்கள்தான் சோறு போட்டோம். எத்தனை வீடுகளில் எத்தனை மாமிமார், மகளின் கலியாணத்தை நினைத்து, மருமகளைப் பேய் என்று சொல்லியிருப்பார்கள்? அவர்களில் படித்தவர்களும் இருந்திருப்பார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் நிச்சயமாக இருந்திருப்பார்கள்.

மாப்பிள்ளை வீட்டுக்குத் தாரணியே போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தாள். என்னைக் கேட்கவில்லை. இன்னும் பதில் வரவில்லை. நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்ததைப் பார்த்து, "வராட்டில் விடுங்கோ. அவையளைக் கொத்தி பிடிச்சிட்டுது எண்டு சொல்லுவம்" என்றாள். அவள் சிரித்தாள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

இதுவரை எழுதியதை இன்று புத்தூருக்குக் கொண்டுபோய் வதனிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி கேட்டாள். அவளுடைய தாய் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்று கேட்டா.

"எல்லாம் சரி மாமி" என்றாள் வதனி. "ஒண்டை விட்டிட்டியள்."

"என்ன பிள்ளை?"

"அந்தப் பார்வை பாத்தவர் அடிச்சவர் எண்டு எழுதியிருக்கிறியள். நான் ஏன் எழும்பி ஓடேல்லை எண்டு எழுதேல்லை."

செலவு எழுதும்போது ஒரு பாக்கு வெற்றிலையைக்கூட விடமாட்டேன் என்று உன் அப்பா இருந்த காலத்தில் என்னைப் பகிடி பண்ணுவார். இதை விட்டது மறதியால் இல்லை. அவளுக்கு முன்னாலேயே இருந்து, அவர்கள் தந்த பேனாவால் இதை எழுதுகிறேன்.

அவள் ஓடாததற்குக் காரணம் நான். அவளுக்குப் பின்னால் நிலத்தில் இருந்து அவளுடைய இரண்டு கைகளையும் முதுகுப் பக்கமாக நான் பிடித்திருந்தேன். பால் கட்டி அவள் நெஞ்சு கல்லாகியிருந்தது, சட்டை நனைந்திருந்தது, அது எனக்குத் தெரிந்தது. முதல் அடி விழுந்தபோது அவள் கத்தவில்லை. தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்து, "மாமி, நோகுது" என்றாள். அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்திருந்தது. என்னை உறவு சொல்லிக் கூப்பிட்டாள். நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

இதையும் வாசித்தேன். வதனி "ஓம்" என்றாள். பிறகு, "சனிக்கிழமை வாடகைக்கு வான் பிடிச்சுக்கொண்டு வாங்கோ. தாரணியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உடுப்பு அடுக்கப் போனாள். பிள்ளையை என்னிடம் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மா